Re: அம்மாவுடன் தஞ்சாவூரில் ஒரே நாள், முடியுமா?

முடியும். ஆனால் காலை ஏழு மணிக்கு ரயிலில் இறங்கி இரவு ரயிலுக்குள் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலும் பார்க்கணும் என்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். போக மட்டும் எழுபது கிலோமீட்டர், அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

இறங்கியதும் பெரிய கோயிலுக்குப் போய்விடுங்கள். செருப்பில்லாமல் நடக்கணும், பத்து மணிக்கு மேல் கல்தரை கொதிக்கும், மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எல்லாரும் கருவறைக்கு மேலிருக்கும் 216 அடி விமானத்தை அண்ணாந்து படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், நீங்கள் கீழே அடித்தளத்தையும் வெளிச் சுற்றுச் சுவரையும் சுற்றி வாருங்கள், கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் தான் கொடுத்ததோடு அக்கன் குந்தவை கொடுத்தது, கோயிலில் ஆடிய நானூறு பெண்களின் பெயர் எல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார், எனக்கு விமானத்தைவிட அதுதான் பிரமிப்பு. அம்மா திருச்சுற்று மண்டப நிழலில் உட்காரட்டும்.

அப்புறம் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு அரண்மனை. சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கும் கலைக்கூடத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். அங்கேயே இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும்.

தெம்பிருந்தால் சாயங்காலம் மறுபடி பெரிய கோயில். வெயில் சாயும்போது கல்லின் நிறமே வேறு.