கம்பி எண்ணும் வேலை

அன்புள்ள சார்,

சிவில் முடித்துவிட்டு கோவையில் ஓர் அடுக்குமாடி சைட்டில் எட்டு மாதமாக இன்ஜினியராக இருக்கிறேன். சேர்ந்த அன்று ஹெல்மெட், ஷூ கொடுத்துப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று எடுத்தார்கள். பயிற்சி அதோடு சரி. பிராஜெக்ட் மேனேஜரிடம் எதைக் கேட்டாலும் ‘போகப் போகத் தெரியும்’ என்கிறார். மேஸ்திரியிடம் கேட்டால் சிரிக்கிறார். கான்கிரீட்டுக்கு முந்தைய செக் லிஸ்ட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது. டிசைன் சாப்ட்வேர் கோர்ஸ் சேரட்டுமா, கற்றுத்தரும் கம்பெனிக்கு மாறட்டுமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கோர்ஸ், கம்பெனி எல்லாம் அப்புறம். அந்தக் கையெழுத்துதான் என்னை உறுத்துகிறது.

‘போகப் போகத் தெரியும்’ என்பது கொத்தனாருக்குப் பொருந்தும். கலவை சுமக்க வந்தவர் ஒருநாள் கரணை பிடிப்பார். பக்கத்தில் மேஸ்திரி நிற்பார். வரி கோணினால் அங்கேயே பிரிக்கச் சொல்வார். (சித்தாளாக வரும் பெண்களுக்கு மட்டும் அந்தக் கரணை பெரும்பாலும் கைக்கு வருவதே இல்லை. அது தனியாக எழுத வேண்டிய அநியாயம்.) கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் கற்றுத்தர எல் அண்ட் டி 1995 முதல் பயிற்சி நிலையங்கள் நடத்துகிறது. பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் தொழில் பழகுநர் சட்டத்துக்குள் 1973லேயே கொண்டுவந்தார்கள். ஆனால் சைட்டுக்கு வரும் இளம் இன்ஜினியர் முதல் நாளே ‘சார்’ ஆகிவிடுகிறார். சாருக்குச் சந்தேகம் கேட்கக் கூச்சம். சாருக்குச் சொல்லித்தர மற்றவர்களுக்குத் தயக்கம்.

இந்தத் தொழிலுக்கான வகுப்பு, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் சீனியர் ஒருவர் ஜூனியரைக் கூட்டிக்கொண்டு தளத்தின் மேல் நடந்தால் போதும், பவர்பாயின்ட் எதுவும் வேண்டாம்.

பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம், மறுபக்கம் அந்தரத்தில். இழுவிசை மேல்பக்கம் வரும், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். டிராயிங்கில் அப்படித்தான் இருக்கும். காலையில் கட்டியபோதும் சரியாகத்தான் இருந்திருக்கும். பம்பு வந்ததும் குழாய் பிடிப்பவர், வைப்ரேட்டர் போடுபவர் எல்லோரும் அதன்மேல்தான் நடப்பார்கள். கம்பியைத் தாங்கும் சேர் போதவில்லை என்றால் அது மிதிபட்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே கான்கிரீட் மூடியதும் யாருக்கும் தெரியாது. 28 நாள் கழித்து, பலம் பார்க்க எடுத்துவைத்த கான்கிரீட் கட்டி (கியூப்) பாஸாகும், பால்கனி சுவரோரம் விரிசல் விடும். முட்டுப் பிரிக்கும்போதே விழுவதும் உண்டு.

நல்ல சீனியர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். “டேப்பை வை, அடிப்பலகையிலிருந்து மேல் கம்பி எவ்வளவு உயரம்?” என்பார். “150 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் 2.1 மீட்டரில் எத்தனை கம்பி?” என்பார். நீங்கள் 14 என்பீர்கள். “எண்ணிப் பார்” என்பார். 15 இருக்கும், இடைவெளிதான் 14. கான்கிரீட் முடியும்வரை பால்கனிப் பக்கம் நிற்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். எண்ணாமல் கையெழுத்துப் போடுகிறவர் வேறு இடத்தில் கம்பி எண்ண வேண்டி வரலாம், அது இருக்கட்டும்.

ஆனால் அளக்கக் கற்றுத்தருவது பாதிதான். ரெடிமிக்ஸ் வண்டி டிராஃபிக்கில் நின்று தாமதமாக வருகிறது, கலவை இறுகிவிட்டது. “கொஞ்சம் தண்ணி விடலாமா சார்?” என்று டிரைவர் கேட்பார். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று கல்லூரியிலேயே படித்திருக்கிறீர்கள். இருந்தும் தலையாட்டிவிடுவீர்கள். பம்பு வாடகை ஓடுகிறது, பின்னால் இரண்டு வண்டி நிற்கிறது, ஆட்கள் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வேண்டியது படிப்பு அல்ல. “ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளக்கம் என்று) பார், சரியில்லை என்றால் நிறுத்து, பிளான்ட்டுக்கு நான் பேசிக்கொள்கிறேன், திட்டு விழுந்தால் எனக்கு விழட்டும்” என்று முந்தின நாளே ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். வழிகாட்டுதல் என்று நான் சொல்வது இதைத்தான். வேலையை நிறுத்தும் அதிகாரத்தை ஜூனியருக்குக் கொடுக்காத கம்பெனி எத்தனை வகுப்பு நடத்தினாலும் வீண். முட்டுப் பிரிப்பதிலும் இதே கதை. தாங்கல்களுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள தளத்துக்கு 14 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அடுத்த மாடிக்கு முட்டு வேண்டும் என்று கான்ட்ராக்டர் பத்தாம் நாளே வந்து நிற்பார்.

மேஸ்திரி சிரிக்கிறார் என்றீர்கள். “இது சரியா?” என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார், அது நீங்கள் சொல்ல வேண்டிய பதில். “இதை எப்படிச் செய்கிறீர்கள், காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து காட்டுவார். கம்பி கட்டுபவர்கள் வடக்கத்தியர்கள் என்றால் நூறு வரைக்குமாவது இந்தியில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். சாப்ட்வேர் கோர்ஸைவிட இது சீக்கிரம் பலன் தரும்.

கோர்ஸ் ஒரு வருடம் காத்திருக்கலாம். அதுவரை ஒவ்வொரு தளத்துக்கும் கம்பி அட்டவணையை நீங்களே போட்டு, வந்து இறங்கிய கம்பியோடு ஒப்பிடுங்கள். கம்பெனி மாறுவதானால் இன்டர்வியூவில் ஒரே கேள்வி கேளுங்கள்: முதல் சில தளங்களுக்கு என் கூட யார் நிற்பார்?

அதற்கு முன் இப்போதைய மேனேஜருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். ‘கற்றுக்கொடுங்கள் சார்’ என்றால் நழுவத்தான் செய்வார். ‘நாளைக்குப் பம்பு வருவதற்கு முன் அரை மணி நேரம் மேலே வாருங்கள், பால்கனிக் கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்’ என்று வாட்ஸப்பில் அனுப்புங்கள். வரவில்லை என்றால் செக் லிஸ்ட்டில் கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே காரணத்தை எழுதி, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.