ஃபிலிம் கேமரா வாங்க விரும்புகிறேன்: ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா, எஸ்.எல்.ஆர். வாங்கலாமா?

சில ஆண்டுகள் டிஜிட்டலில் படமெடுத்த பிறகு 35 மி.மீ. ஃபிலிமுக்கு வர விரும்புவதாகவும், வீட்டு மனிதர்களையும் தெருக் காட்சிகளையும் அதிகம் எடுப்பதாகவும், ஒரே ஒரு கேமராவுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்பதால் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு வகைகளையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நீங்கள் படமெடுக்கும் மனிதரோ பொருளோ உங்களிடமிருந்து பெரும்பாலும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை கண்டால், கேமராவை முடிவு செய்வது எளிதாகிவிடும் என்பது என் அனுபவம்.

ஏன் தூரத்தைச் சொல்கிறேன் என்பதற்கு இவை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாக வரும் ஒளி, சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே உள்ள திரையில் விழுந்து, ப்ரிஸம் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் நம் கண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வியூஃபைண்டர் தனியாக ஒரு சாளரம். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு சிறிய சாளரம் இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டாவது பிம்பம் நடுவிலுள்ள ஒரு சிறு கட்டத்துக்குள் மேலே படிந்து தெரியும். எதிரே இருப்பவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தால், அந்தக் கட்டத்துக்குள் அதன் விளிம்பு இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒன்று மற்றொன்றை நோக்கி நகர்ந்து, இரண்டும் ஒரே கோடாகும் இடத்தில் ஃபோகஸ் சரியாக அமைந்துவிடும். மங்கலான விளக்கொளியிலும் இதில் ஐயத்துக்கு இடமிருப்பதில்லை.

இந்த முறையின் துல்லியம் இரு சாளரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தையும் வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தையும் பொறுத்தது. 1954-இல் வந்த லைக்கா எம்3 என்ற ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த இடைவெளி 68.5 மி.மீ., உருப்பெருக்கம் 0.91, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 62 மி.மீ. வருகிறது; இது பெரிதாக இருந்தால் துல்லியமும் கூடும். எந்த லென்ஸை மாட்டினாலும் இந்த எண் மாறாது. எஸ்.எல்.ஆரில் அப்படியில்லை: லென்ஸின் குவியத்தூரம் (28, 50, 90 மி.மீ. என்று லென்ஸைக் குறிக்கும் எண்) கூடக் கூடத் திரையில் பிம்பம் பெரிதாகி, ஃபோகஸ் செய்வதும் எளிதாகிறது. அதனால்தான் 28, 35 போன்ற அகலக்கோண லென்ஸ்களில் ரேஞ்ச்ஃபைண்டர் முந்துகிறது, 90 மி.மீட்டருக்கு மேலே போனால் எஸ்.எல்.ஆர். முந்துகிறது. எம்3-இன் வியூஃபைண்டரில் 50, 90, 135 ஆகிய மூன்று லென்ஸ்களுக்குச் சட்டக்கோடுகள், அதாவது படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகள், உண்டு. 135-க்கு உரிய சட்டம் நடுவே ஒரு சிறு பெட்டியாகச் சுருங்கிவிடும். அதைவிட நீண்ட லென்ஸ்களுக்காக லைக்கா நிறுவனமே விசோஃப்ளெக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டியைத் தயாரித்து விற்றது. அதை மாட்டினால் ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு எஸ்.எல்.ஆராக மாறிவிடும். தூரத்துப் பொருள்களுக்கு எது ஏற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மிக அருகிலும் இதே நிலைதான். என் தந்தை சுவர்க் கடிகாரங்களைப் பழுது பார்ப்பார். இடுக்கியின் நுனியில் கடுகளவு திருகாணி ஒன்று இருக்க, அதை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு துளைக்குள் இறக்கும் தருணத்தை எடுக்க விரும்பினேன். அப்போது என்னிடம் இருந்தது 40 மி.மீ. லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்ட கேனனெட் கியூ.எல்.17 ஜி-III என்ற ரேஞ்ச்ஃபைண்டர். அது 0.8 மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது; அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 65 செ.மீ. அகலமுள்ள பரப்பு படத்துக்குள் வந்துவிடும். படத்தில் மேசை இருந்தது, கடிகாரம் இருந்தது, தந்தையின் தோள்கள் இருந்தன. திருகாணி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பிறகு எஸ்.எல்.ஆரில் சாதாரண 50 மி.மீ. லென்ஸை மாட்டி 0.45 மீட்டருக்குச் சென்றபோது பரப்பு 25 செ.மீ. அளவுக்குக் குறைந்தது, விரல் ரேகைகளுக்கு இடையே படிந்திருந்த எண்ணெயும், நகத்தில் இருந்த வெட்டும், திருகாணியின் தலையில் உள்ள கோடும் தெளிவாக விழுந்தன. லைக்காவின் எம் வகை லென்ஸ்களில்கூட 0.7 மீட்டரே வழக்கமான எல்லை. பழையவற்றில் பல 1 மீட்டரோடு நின்றுவிடும். குழந்தையின் பாதம், கையெழுத்து, பூ, தட்டிலுள்ள உணவு போன்றவை உங்கள் படங்களில் அடிக்கடி வருமானால் ரேஞ்ச்ஃபைண்டர் உங்களை ஏமாற்றும்.

இடைப்பட்ட தூரம்தான் ரேஞ்ச்ஃபைண்டரின் சொந்த நிலம். 1 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும் மனிதர்களை 35 முதல் 50 மி.மீ. லென்ஸில் எடுக்கும்போது அதற்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை. எஸ்.எல்.ஆரில் ஷட்டரை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழுவதால் ஒரு கணம் இருட்டு. படமாகும் அந்தக் கணத்தை மட்டும் நாம் ஒருபோதும் பார்ப்பதில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் அதைப் பார்க்கிறோம். என் சகோதரியின் மகள் ஜன்னலோரம் நின்று சிரித்தபோது நான் அழுத்திய அதே கணத்தில் அவள் இமை மூடியதைக் கண்டேன். உடனே இன்னொன்று எடுத்தேன், அந்த இரண்டாவது படம்தான் இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எஸ்.எல்.ஆராக இருந்திருந்தால் ரோலைக் கழுவிய பிறகே தெரிந்திருக்கும். எழுந்து விழும் கண்ணாடி இல்லாததால் அதிர்வும் குறைவு. 1/15 நொடியில் கையில் பிடித்தே கூர்மையான படம் எடுக்க முடிகிறது. சட்டக்கோட்டுக்கு வெளியேயும் காட்சி தெரிவதால், தெருவில் ஒருவர் சட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவரைப் பார்த்துவிடலாம்.

வரலாற்றில் ஓர் ஆண்டை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். எம்3 வந்த அதே 1954-இல்தான், படமெடுத்ததும் தானாக உடனே கீழிறங்கும் கண்ணாடியுடன் ஜப்பானில் அசாஹிஃப்ளெக்ஸ் IIபி என்ற எஸ்.எல்.ஆர். வந்தது. 1959-இல் நிக்கான் எஃப் என்ற எஸ்.எல்.ஆர். வந்த பிறகு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் படிப்படியாக எஸ்.எல்.ஆருக்கு மாறினார்கள். ஆயினும் கண்ணாடி அசைவதற்கு இடம் தேவை என்பதால், நிக்கான் எஃப்-இல் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. விட வேண்டியிருந்தது, லைக்கா எம்-இல் அது 27.8 மி.மீ. மட்டுமே. எஃப்-க்காக வந்த முதல் 21 மி.மீ. லென்ஸின் பின்பகுதி உள்ளே நீண்டிருந்ததால், கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்திவிட்டுத்தான் அதை மாட்ட முடிந்தது; அகலக்கோண லென்ஸ்களில் ரேஞ்ச்ஃபைண்டருக்கு இது இன்னொரு சாதகம்.

ரேஞ்ச்ஃபைண்டரின் குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் காட்சி தெளிவாகவே இருக்கும். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதையோ, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரின் விளைவையோ முன்கூட்டிப் பார்க்க வழியில்லை. துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டரை, லென்ஸைத் திறந்து வைத்துச் சூரியனை நோக்கி விட்டுவிட்டால் துணியில் துளை விழக்கூடும். எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று: பையில் இடிபட்டு இரட்டைப் பிம்பத்தின் ஒழுங்கு சற்று விலகியிருந்ததை அறியாமல், லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து (எஃப் 1.7) ஒரு முழு ரோல் முகங்களை எடுத்தேன். 36 படங்களிலும் காதுகள் கூர்மையாகவும் கண்கள் மங்கலாகவும் இருந்தன. எஸ்.எல்.ஆரிலும் திரை விலகினால் இது நேரும். ஆனால் என் கையில் அது ஒருமுறைகூட நேர்ந்ததில்லை.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு கேமரா என்பதால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். லென்ஸ் மாற்றக்கூடிய ரேஞ்ச்ஃபைண்டர்கள் விலை மிகுந்தவை. எளிதில் வாங்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை கேனனெட்டைப் போல ஒற்றை லென்ஸோடு பிறந்தவை, ஆகவே அவற்றை வாங்கும்போது அந்த ஒரே பார்வைக் கோணத்தையும் சேர்த்தே ஏற்கிறோம். கேனனெட்டின் ஒளிமானிக்கு உரிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை; மாற்று ஏற்பாடு வேண்டும், அல்லது ஒளியை வேறு வழியில் அளந்துகொண்டு எக்ஸ்போஷரைக் கையால் அமைக்க வேண்டும். 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்டாக்ஸ் கே1000 போன்ற எஸ்.எல்.ஆருக்கு எங்கும் கிடைக்கும் எல்.ஆர்.44 பேட்டரி போதும். அதுவும் ஒளிமானிக்கு மட்டும்தான், ஷட்டர் முழுவதும் இயந்திர முறையில் இயங்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: உங்களிடம் உள்ள டிஜிட்டல் படங்களில், உங்களுக்கே பிடித்த கடைசி நூறு படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் குவியத்தூரத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 0.7 மீட்டருக்கு அருகிலிருந்தும், 90 மி.மீட்டருக்கு மேற்பட்ட குவியத்தூரத்திலும் எடுத்தவை சேர்ந்து இருபதுக்கு மேல் இருந்தால் தயங்காமல் ஒரு எஸ்.எல்.ஆரும் 50 மி.மீ. லென்ஸும் வாங்குங்கள். அவை பத்துக்கும் குறைவாக இருந்து, மற்றவை எல்லாம் பேசும் தொலைவில் உள்ள மனிதர்களாக இருந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால் என் ஓட்டு எஸ்.எல்.ஆருக்கே, ஏனென்றால் அதனால் எடுக்கவே முடியாத படங்கள் மிகக் குறைவு.

ரேஞ்ச்ஃபைண்டர் என்று முடிவானால், பணம் கொடுப்பதற்கு முன் லென்ஸை முடிவிலிக் குறியில் (∞) வைத்து, சில நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு கோபுரத்தின் அல்லது கம்பத்தின் விளிம்பைப் பாருங்கள்; இரண்டு பிம்பங்களும் ஒன்றாகிவிட வேண்டும், ஒன்று மற்றொன்றைவிட மேலேயோ கீழேயோ நிற்கவும் கூடாது. அடுத்து, அளந்து வைத்த 1 மீட்டர் தூரத்தில் ஒரு கோட்டைப் பார்த்து இரண்டையும் இணைத்து, வளையத்திலுள்ள எண் 1 என்று காட்டுகிறதா எனச் சரிபாருங்கள். முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தவறும் கேமராக்கள் நிறைய உண்டு. நீங்கள் முகங்களை எடுக்கப் போவது அந்த இரண்டாவது தூரத்தில்தான்.