பந்து, காசு, ஒரு நிமிடப் பேச்சு

கேள்வி: எங்கள் குழுவில் 12 பேர். சேர்ந்து வேலை செய்யவும், செய்வதைப் படிப்படியாக மெருகேற்றவும் பழக்குகிற விளையாட்டு ஏதாவது உண்டா? அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

பதில்: பந்து கடத்தும் விளையாட்டு உங்களுக்குப் பொருந்தும். 30 டென்னிஸ் பந்துகள், இரண்டு பெட்டிகள், ஒரு கடிகாரம் போதும். எல்லோரும் ஒரே அணி. ஒவ்வொரு பந்தும் எல்லோர் கையிலும் பட வேண்டும்; கைமாறும்போது ஒரு கணமாவது காற்றில் இருக்க வேண்டும்; இடமும் வலமும் ஒட்டி நிற்பவருக்குக் கொடுக்கக் கூடாது. தொடங்கியவரிடமே திரும்பி வந்தால் ஒரு புள்ளி. கீழே விழுந்த பந்து கணக்கில் சேராது.

திட்டமிட 2 நிமிடம். பிறகு 2 நிமிட ஆட்டம், 1 நிமிடப் பேச்சு என்று 5 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் "எத்தனை பந்து வரும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் பெரும்பாலும் அகலமான வட்டமாக நின்று தூக்கி வீசுவார்கள். பந்து சிதறும். எதிரெதிரே இரண்டு வரிசையாக நெருங்கி நின்று, எதிர் வரிசைக்கு மாற்றி மாற்றிக் கடத்தினால் சிதறல் குறையும். வாங்குபவர் இரு கைகளையும் குழித்து அசையாமல் வைத்திருக்க, கொடுப்பவர் ஒரு சாண் உயரத்திலிருந்து பந்தை விட்டால் போதும். இதை நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அந்த ஒரு நிமிடப் பேச்சுதான் விளையாட்டின் உயிர். உரக்கப் பேசுபவரே அதை எடுத்துக்கொண்டால் எல்லாம் வீண். யாரிடம் பந்து தேங்கியதோ அவரை முதலில் பேசச் சொல்லுங்கள். காரணம் அவருக்குத்தான் தெரியும். சுற்றுக்கு ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாமலே போகும். எண்ணிக்கை குறைந்தால் பழைய முறைக்குத் திரும்பலாம், தவறில்லை.

கேள்வி: நாங்கள் நான்கே பேர். ஓடியாட இடமில்லை, மேசை மட்டும்தான்.

பதில்: 20 காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒரே கையால், ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும். முதல் சுற்றில் 20ஐயும் திருப்பிய பிறகே நகர்த்தலாம். அடுத்த சுற்றில் ஐந்து ஐந்தாக. கடைசியில் ஒவ்வொன்றாக. ஒரு காசுக்கு 1 விநாடி என்று வைத்தால், மொத்த நேரம் முறையே 80, 35, 23 விநாடி. யாரும் கூடுதல் வேகம் காட்டவில்லை, காத்திருப்புதான் குறைந்தது!

நிஜத்தில் இதைவிட நேரமாகும். ஒருவர் முன்னால் காசு குவியும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவரை விரட்டினால் காசு உருண்டு கீழே விழும். அவருடைய காசில் பாதியைப் பக்கத்தில் இருப்பவர் திருப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த சுற்றின் நேரமே பதில் சொல்லும்.

கேள்வி: ஜெயிப்பவர்களுக்குப் பரிசு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பரிசு வந்ததும் கண்டுபிடித்த உத்தியை மறைக்கத் தொடங்குவார்கள், விழுந்த பந்தையும் எண்ணுவார்கள். அணியின் முந்தைய சுற்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம்: கணிப்பு, எண்ணிக்கை, விழுந்தவை, மாற்றியது என்ன. எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.