பிரேக் வேலைக்கு 14,500 ரூபாய், கொடுக்கலாமா?
அண்ணாச்சி, முன் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை), ரெண்டு டிஸ்க் (சக்கரத்தோட சுத்துற தட்டு), பின் ஷூ (பின் சக்கரத்துல டிரம்ங்கிற மூடிக்குள்ள உரசுற பட்டை), பிரேக் ஆயில் சேத்து வண்ணார்பேட்டையில 14,500 கேட்டதா எழுதியிருக்கீங்க. முதல்ல பாகம் தனி, கூலி தனின்னு எழுதி வாங்குங்க. பாக்ஸ்ல எம்ஆர்பி இருக்கும், ஒத்துப் பாத்துரலாம்.

இடிக்கிறது டிஸ்க்குதான். குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும். உங்க முன்னாலயே மைக்ரோமீட்டர்ல (தடிமன் துல்லியமா அளக்கிற கருவி) அளக்கச் சொல்லுங்க. வெர்னியர் அளவுகோல் வச்சா தேயாத விளிம்புல உக்காந்து கூடுதலாக் காட்டும். அளவு அதுக்கு மேல இருந்து, விரிசலோ ஆழமான கோடோ இல்லாம, மிதிக்கும்போது பெடலும் அதிரலைன்னா பழசே போதும். பேட் 3 மி.மீ.க்குக் கீழன்னா மாத்தணும். மாஞ்சோலை மலை இறக்கம் போற வண்டின்னா கொஞ்சம் முன்னாடியே.

பின் ஷூ லேசுல தேயாது, டிரம்மைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. ஷூ நனைஞ்சிருந்தா வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்துல ஷூவைத் தள்ளுற பாகம்) கசிவான்னு பாக்கணும். அதை விட்டுட்டு புது ஷூ போட்டா காசு தண்டம். ஆயில் மாத்தி 2 வருஷம் ஆச்சுன்னா அந்தச் செலவு சரிதான்.