மணி அடித்தால் இணையம் அறுகிறது, டிஸ்க் சொருகினால் மவுஸ் திணறுகிறது: குறுக்கீடு கேள்வி பதில்

குறுக்கீடு உள்ளே வர மூன்று வழிகள் இருக்கின்றன: காற்று, சிக்னல் ஒயர், கரண்ட் ஒயர். எந்த வழி என்று தெரியாமல் புதுப் பொருள் எதுவும் வாங்காதீர்கள். முதலில் தள்ளி வைத்துப் பாருங்கள், அப்புறம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், கடைசியாக ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கீழே உள்ள பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த மூன்று சோதனைகளே பாதி பதில் சொல்லிவிடும்.

கேள்வி: செல்போனுக்கு அழைப்பு வரும் முன்பே கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் 'டிட்-டிடிட்-டிட்' என்று சத்தம் வருகிறது. ஸ்பீக்கர் பழுதா?

பதில்: பழுது இல்லை. இது 2ஜியின் கைவரிசை. 2ஜியில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் நேரத்தைப் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். உங்கள் போன் 4.615 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, தன் முறை வரும்போது மட்டும் சுமார் 0.58 மில்லி செகண்ட் அலையை அனுப்பிவிட்டு அடங்கும். அதாவது செகண்டுக்கு ஏறத்தாழ 217 தடவை. காதுக்கு எட்டாத 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரின் முதல் டிரான்சிஸ்டரில் டயோடில் போவதுபோல் நேராக்கப்பட்டு, அந்த 217 ஹெர்ட்ஸ் துடிப்பு மட்டும் ஒலியாக மிஞ்சுகிறது. மணி அடிப்பதற்கு முன்பே போனும் டவரும் பேசிக்கொள்வதால் சத்தம் முந்திக்கொள்கிறது.

வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் ஆடியோ ஒயர்தான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. குறையவில்லையா, வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிந்திய பகுதியிலோ ஸ்பீக்கர் ஒயர் வழியாகவோ நுழைகிறது.

தீர்வு தூரம்தான். 30 செ.மீ. தள்ளியிருக்கும் போனை 1 மீட்டருக்குக் கொண்டுபோனால் வந்து சேரும் திறன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். போனில் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றினாலும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் உங்கள் சேவையில் 4ஜி வழியாகவே அழைப்பு போகும் வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் பேசும்போது போன் கீழே இறங்கி மறுபடியும் 2ஜிக்கே வரும். சிக்னல் பலவீனமான அறையில் சத்தம் கூடுதலாக இருப்பதும் இயல்பு. டவர் எட்டாதபோது போன் கத்திப் பேசும். 900 மெகாஹெர்ட்ஸில் உச்சம் 2 வாட் வரை போகும்.

சால்டரிங் தெரிந்தவர்கள் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 33 பிகோஃபாரட் செராமிக் கபாசிட்டர் வைக்கலாம். 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 10 பிகோஃபாரட். கால்கள் மிகக் குட்டையாக இருக்க வேண்டும். ஒரு செ.மீ. நீளம் விட்டால்கூடப் பயன் போய்விடும்.

கேள்வி: லேண்ட்லைன் மணி அடித்தாலே இணையம் அறுந்துவிடுகிறது. போனை எடுத்துப் பேசினால் சில சமயம் திரும்ப வருகிறது. மோடம் மாற்றியும் பார்த்துவிட்டேன், ஐயா.

பதில்: மோடமை விட்டுவிடுங்கள். உங்களுடையது செம்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது. தரவு சுமார் 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏடிஎஸ்எல்2+ ஆனால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. சும்மா இருக்கும்போது கம்பியில் 48 வோல்ட் டிசி. மணி அடிக்கும்போது அதன்மேல் 20-25 ஹெர்ட்ஸில் 75-90 வோல்ட் ஏசி ஏறுகிறது. இந்த அதிர்ச்சியை மோடம் தாங்க முடியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, ஃபில்டர் (பேச்சை விட்டுத் தரவைத் தடுக்கும் சிறு பெட்டி) இல்லாத கருவி ஏதோ ஒன்று லைனில் இருக்கிறது. போனுக்கு மட்டும் ஃபில்டர் போட்டுவிட்டு ஃபேக்ஸ், அழைப்பவர் எண் காட்டும் பெட்டி, திருட்டு அலாரம், படுக்கையறையில் மறந்துபோன இரண்டாவது போன் ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். பேச்சுக் கருவி ஒவ்வொன்றும் ஃபில்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். மோடம் மட்டும் ஃபில்டர் இல்லாத துளையில். மாற்றிச் சொருகினால் மோடம் லைனையே பிடிக்காது.

இரண்டு, எங்கோ ஒரு முறுக்கு இணைப்பு பாசி பிடித்திருக்கிறது. ஆக்சைடு படிந்த செம்பு மணியின் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது ஒரு கணம் கடத்தும், மறு கணம் கடத்தாது. அதுவே மோடமுக்கு இரைச்சல். போனை எடுத்ததும் டிசி கரண்ட் ஓடி அந்த இணைப்பைத் தற்காலிகமாகச் சரியாக்குவதால் இணையம் திரும்பி வருகிறது. நீங்கள் சொன்ன அறிகுறி இதற்குத்தான் அதிகம் பொருந்துகிறது.

சோதிக்கும் முறை: வீட்டுக்குள் லைன் நுழையும் முதல் பெட்டியில், உள் ஒயரிங் முழுவதையும் கழற்றிவிட்டு, ஒரு ஃபில்டர், ஒரு போன், மோடம் மட்டும் மாட்டுங்கள். பிரவுசரில் திறக்கும் மோடமின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது) என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் வைத்திருக்கும்போது ஒருமுறை, எடுத்த நிலையில் ஒருமுறை, வேறு போனிலிருந்து அடிக்கவிட்டு ஒருமுறை. மூன்றும் 2 டெசிபலுக்குள் ஒத்துப்போனால் லைன் நல்லது, கோளாறு உங்கள் உள் ஒயரிங்கில். மணி அடிக்கும்போது மட்டும் விழுந்தால், முதலில் ஃபில்டரையும் போனையும் வேறொன்றாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் வெளி லைனில் ஏதோ ஓர் இணைப்பு. மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் அடிக்கடி அறுவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

உள் ஒயரிங் என்று தெரிந்தால், பயன்படுத்தாத அறைகளுக்குப் போகும் கம்பிகளைப் பெட்டியிலேயே கழற்றிவிடுங்கள். நுனி எங்கும் இணையாமல் தொங்கும் 20-25 மீட்டர் ஒயர், 2 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏடிஎஸ்எல்2+ அலையில் பள்ளம் தோண்டும். தட்டை ஒயரில் நீட்டிப்பு போட்டிருந்தால் அதையும் முறுக்கு ஜோடி ஒயராக மாற்றுங்கள். நான்கைந்து போன்கள் இருந்தால் தனித்தனி ஃபில்டர்களை விட, நுழைவிலேயே பேச்சையும் தரவையும் பிரித்துவிடும் ஒரு ஸ்பிளிட்டர் நல்லது.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க் சொருகினால் வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது. பேட்டரி புதிது.

பதில்: டிஸ்க் யூஎஸ்பி 3 என்று பந்தயம் கட்டலாம். யூஎஸ்பி 3 செகண்டுக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்தத் தரவு கலைத்து அனுப்பப்படுவதால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் உட்பட அகலமாகப் பரவிக் கிடக்கிறது. மவுஸின் குட்டி ரிசீவர் பக்கத்துத் துளையிலேயே உட்கார்ந்திருந்தால் அதற்கு மவுஸின் குரல் கேட்காது. இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. தேவையான சிக்னலும் அதே அலைவரிசையில் கிடப்பதால் ஃபில்டர் போட்டுத் தடுக்க வழியில்லை.

டிஸ்கை யூஎஸ்பி 2 துளையில் சொருகிப் பாருங்கள். மவுஸ் சரியானால் குற்றவாளி உறுதி. பிறகு ரிசீவரை 1 மீட்டர் யூஎஸ்பி 2 நீட்டிப்பு ஒயரில் இழுத்து மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீட்டிப்பு யூஎஸ்பி 2 ஆகவே இருக்கட்டும். மவுஸுக்கு அதற்கு மேல் தேவையில்லை. ரவுட்டரிலேயே டிஸ்க் மாட்டியிருப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கே திணறுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. பல ரவுட்டர்களில் அந்தத் துளையை யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறக்கும் அமைப்பு உண்டு.

கேள்வி: பெரிய மானிட்டர் மாட்டியதிலிருந்து லேப்டாப்பில் வைஃபை பிடிப்பதில்லை. மானிட்டரைப் பிடுங்கினால் வருகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மானிட்டர் 2560×1440, 60 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிக்சல் கடிகாரம் (படப் புள்ளிகள் அனுப்பப்படும் வேகம்) 241.5 மெகாஹெர்ட்ஸ். அதன் பத்து மடங்கு 2415. வைஃபை சேனல் 1-இன் நடு 2412! ஒயரின் உறை சுமாராக இருந்தால் அது நேராக உங்கள் சேனலில் கொட்டும். ரெசல்யூஷனை 1920×1080-க்கு இறக்கிப் பாருங்கள். வைஃபை உயிர் பெற்றால் இதுதான். ரவுட்டரைச் சேனல் 11-க்கு மாற்றுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள். நடுவில் யூஎஸ்பி-சி ஹப் இருந்தால் சந்தேகத்தை முதலில் அதன்மேல் வையுங்கள்.

கேள்வி: கார்ட்லெஸ் போனில் பேசும்போது வைஃபை நத்தையாகிறது.

பதில்: பேஸின் அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். டெக்ட் வகை 1880-1930 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குகிறது, வைஃபை பக்கமே வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அதுதான். 5.8 என்று போட்டிருந்தும் சந்தேகம் தீராது. சில மாடல்கள் ஒரு திசைக்கு 5.8, திரும்பும் திசைக்கு 2.4 என்று இரண்டையும் பயன்படுத்தும். அலைவரிசை தாவும் போனுக்குச் சேனல் மாற்றிப் பலனில்லை. ஒன்று வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் போனை டெக்ட் ஆக்குங்கள்.

கேள்வி: போனை லேப்டாப் மேல் வைத்தால் திரை அணைந்துவிடுகிறது. வைரஸா?

பதில்: காந்தம். மூடியை மூடினால் அறிய லேப்டாப்பில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கிறது, மூடியில் அதற்கு ஒரு காந்தம். போனின் பின்பக்கக் காந்த வளையமோ உறையின் கொக்கியோ அந்தச் சென்சாருக்கு மேல் வந்தால் மூடி மூடிவிட்டதாக லேப்டாப் நினைத்துத் தூங்கப் போகிறது. 10 செ.மீ. தள்ளி வையுங்கள்.

கேள்வி: சார்ஜ் போடும்போது மட்டும் போனில் தொடு திரை தானாகவே எழுதுகிறது.

பதில்: சார்ஜர். தொடு திரை தனக்கும் விரலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய மின் தேக்கத்தை அளக்கிறது. மட்டமான சார்ஜரின் வெளியீடு தரையை ஒப்பிட்டால் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். விரல் வைத்ததும் அந்தத் துள்ளல் விரல் வழியே திரைக்குள் போகிறது. அடையாளம்: பொய்த் தொடுதல்கள் விரல் இருக்கும் அதே வரிசையிலோ அதே பத்தியிலோ விழும். பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். அதில் ஒழுங்காக இருந்தால் சார்ஜரை மாற்றுங்கள். போனை ரீசெட் பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆடியோ ஒயர் போட்டால் 'உய்ங்' என்கிறது. மவுஸ் நகர்த்தினால் சத்தத்தின் தொனி மாறுகிறது. லேப்டாப் சார்ஜரின் எர்த் பின்னை நறுக்கினால் நிற்கும் என்கிறார்களே?

பதில்: பின்னை நறுக்காதீர்கள். எர்த் பின் உங்கள் உயிருக்காக இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் கிரவுண்ட் லூப். இரண்டு கருவிகளும் எர்த் வழியாக ஒருமுறை, ஆடியோ ஒயரின் உறை வழியாக ஒருமுறை என்று வளையமாக இணைந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே பிளக் பெட்டியில் சொருகிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டரை ஒயரில் நடுவில் போடுங்கள். மலிவான ஐசொலேட்டர் அடித்தொனியைக் கொஞ்சம் விழுங்கும். ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதுவே மேல்.

கேள்வி: ஒயரில் மாட்டும் ஃபெரைட் உருளை எல்லாவற்றுக்கும் உதவுமா?

பதில்: இல்லை. 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கும் காற்றில் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் பிரயோஜனம் இல்லை. ஒயரே ஆன்டெனாவாகி, சில மெகாஹெர்ட்ஸிலிருந்து சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் இரைச்சலுக்கு உதவும். ஒருமுறை நுழைப்பதற்குப் பதில் மூன்று சுற்று சுற்றினால் தடை ஒன்பது மடங்காகும். ஆனால் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் அவற்றுக்கிடையே கபாசிட்டன்ஸ் சேர்ந்து உயர் அலைவரிசையில் பலன் குறையும். பாதிக்கப்படும் கருவிக்கு ஒட்டி மாட்டுங்கள்.

கேள்வி: தினமும் மாலையானால் ஏடிஎஸ்எல் அறுகிறது. பகலில் பிரச்சினையே இல்லை.

பதில்: எப்படி விழுகிறது என்பதில் விடை இருக்கிறது. எஸ்என்ஆர் மார்ஜினை மாலையில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள்.

சூரியன் மறையும் நேரத்தில் மெல்ல மெல்ல இறங்கி, விடிந்ததும் மெல்ல ஏறினால் காரணம் வானம். இரவில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு கலைந்துவிடுவதால் தொலைதூர மீடியம் வேவ் நிலையங்கள் எட்டிப் பிடிக்கின்றன. அவற்றின் 530-1600 கிலோஹெர்ட்ஸ் ஏடிஎஸ்எல்லின் அலைவரிசைக்குள்ளேயே கிடக்கிறது. கம்பியை மாற்ற முடியாது. முதல் பெட்டியிலேயே மோடம் வைத்து, சேவை நிறுவனத்திடம் மார்ஜின் இலக்கை 3 டெசிபல் கூட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் வேகம் போகும், இணைப்பு அறாமல் நிற்கும்.

ஒரே அடியாக விழுந்தால் ஏதோ ஒரு சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது. பேட்டரியில் ஓடும் ஏஎம் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வீட்டைச் சுற்றுங்கள். கரகரப்பு உள்ளபோது மெயின் சுவிட்சை அணையுங்கள். சத்தம் போனால் வீட்டுக்குள்ளே. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டு, எதில் திரும்புகிறது என்று பிடியுங்கள். பெரும்பாலும் ஓர் எல்ஈடி விளக்கின் டிரைவரோ பழைய அடாப்டரோ மாட்டும். சத்தம் போகவில்லையா, வெளியிலிருந்து வருகிறது. ரேடியோவை மெல்லத் திருப்புங்கள். சத்தம் மிகவும் தாழும் நிலையில் உள்ளேயிருக்கும் ஃபெரைட் கம்பியின் நுனி காட்டும் கோட்டில்தான் மூலம் இருக்கிறது. இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் கோடுகள் வெட்டும் இடம் தெரிந்துவிடும்.

கேள்வி: ரவுட்டரை அலுமினியத் தாளால் சுற்றினால் குறுக்கீடு குறையுமா?

பதில்: வைஃபை குறையும், சூடு ஏறும். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 செ.மீ. தாளில் 6 செ.மீ. இடைவெளி விட்டாலே அது அலையை உள்ளே விடும் ஜன்னல்தான். தாளுக்குச் செலவழிக்கும் நேரத்தில் ரவுட்டரை ஒரு மீட்டர் நகர்த்துங்கள்.