எறும்பின் விஷமும் எறும்புச் சாறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எறும்பு விஷத்தில் உள்ள புரதங்களைப் பற்றித்தான் என் ஆய்வுத்திட்டம். தோட்டத்தில் சுரீரென்று கடிக்கும் செந்நிறச் சிற்றெறும்புகளில் ஐம்பதைப் பிடித்து, குளிர்ந்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் அரைத்து, வடிகட்டி, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் 10 சதவீத எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டினேன். 14 பட்டைகள் வந்தன. 40 கிலோடால்டன் (புரதத்தின் எடையளவு) பக்கம் உள்ளதுதான் மிகத் தடிப்பானது. அதை முக்கிய விஷப்புரதம் என்று எழுதலாமா? அமெரிக்காவில் நெருப்பெறும்பு ஒவ்வாமைக்குப் போடும் ஊசிமருந்தே முழு எறும்பின் சாறுதான் என்று படித்தேன். அதனால் என் முறை சரிதானே? எறும்பு போதவில்லை என்றால் மாமரத்து முசுறைச் சேர்த்துக்கொள்ளலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

அப்படி எழுதிவிடாதீர்கள். அந்தத் தடித்த பட்டை பெரும்பாலும் எறும்பின் தசையாகத்தான் இருக்கும். ஆக்டின் 42 கிலோடால்டன், ஆர்ஜினின் கைனேஸ் ஏறத்தாழ 40. பூச்சித் தசையில் இரண்டும் ஏராளம். மற்ற பட்டைகளிலும் குடல் நொதிகள், குருதிநீர்ப் புரதங்கள், எறும்பு அன்று தின்றது என எல்லாமே கலந்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெருப்பெறும்பு ஒருமுறை கொட்டும்போது உள்ளே போகும் புரதம் 10 முதல் 100 நானோகிராம்தான். மேல் அளவையே எடுத்துக்கொண்டாலும் 50 எறும்புக்கு 5 மைக்ரோகிராம். ஓர் எறும்பு ஒரு மில்லிகிராம் எடை, அதில் பத்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தால் நீங்கள் அரைத்ததில் உடல்புரதம் மட்டும் 5 மில்லிகிராம் இருக்கும். ஆயிரத்துக்கு ஒன்று. விஷப்பையில் பல கொட்டுக்கான இருப்பு உண்டு என்று பார்த்தாலும் நூற்றுக்கணக்கில் ஒன்றுதான். அந்த ஒன்றை உங்கள் ஜெல்லில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஊசிமருந்து பற்றி நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அங்கே தேவை வேறு. நோயாளியின் உடலைப் பழக்குவதற்கு, சாற்றில் ஒவ்வாமைப் புரதம் போதுமான அளவு இருந்தால் சரி, கூட எது இருந்தாலும் பெரிதில்லை. நெருப்பெறும்புச் சாற்றில் அது இருக்கிறது. தேனீயிலும் குளவியிலும் இதே வழி பலிக்கவில்லை. 1978இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் முழுஉடல் சாறு போட்டவர்களுக்கும் போலிமருந்து போட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தூய விஷம் போட்டவர்களுக்குத்தான் பாதுகாப்புக் கிடைத்தது. உங்கள் கேள்வி விஷத்தில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்பது. அதற்கு விஷத்தை மட்டும் தனியாக எடுத்தாக வேண்டும்.

முசுறு வேண்டாம். அதற்குக் கொடுக்கே கிடையாது. தாடையால் கடித்து, வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அதைச் சேர்த்தால் இரண்டு வேறு வேதியியல் ஒரே குழாயில் கலந்துவிடும்.

நீங்கள் பிடித்தது நெருப்பெறும்பு வகையான சோலினாப்சிஸ் ஜெமினேட்டாவாக இருக்கலாம். உறுதிசெய்யுங்கள்: இடுப்பில் இரண்டு கணுக்கள், உணர்கொம்பில் பத்துக் கண்டங்கள், நுனி இரண்டும் பருத்திருக்கும். பெரிய வேலைக்கார எறும்புகளின் தலை உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிதாக, பின்பக்கம் நடுவில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கும்.

இந்த இனத்தின் விஷத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களைப் படுத்தும் இதன் உறவான சோலினாப்சிஸ் இன்விக்டாவின் விஷத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் புரதமே இல்லை, பைப்பெரிடின் ஆல்கலாய்டுகள் என்ற எண்ணெய்ப்பசை. கொட்டிய இடத்து எரிச்சலும் மறுநாள் வரும் வெள்ளைக் கொப்புளமும் அதன் வேலை. மூச்சை அடைக்கும் ஒவ்வாமைதான் புரதத்தின் வேலை. ஆல்கலாய்டை நீக்காமல் ஜெல்லில் ஏற்றினால் பாதை இழுவிக்கொண்டு போகும்.

எடுக்கும் வழிக்கு வருகிறேன். புற்றை மண்ணோடு வாளியில் அள்ளி, வாளியின் உள்விளிம்பில் டால்கம் பவுடர் பூசி, நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சில மணி நேரத்தில் எறும்புகள் ஒன்றையொன்று பற்றித் தெப்பமாக மிதக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் மண்ணோடு அமிழ்ந்துவிடும்.

அதன்பின் இரண்டு வழிகள். நிறைய வேண்டுமென்றால் எடுவார்டோ ஃபாக்ஸ் குழு 2013இல் வெளியிட்ட முறை. ஐந்து பங்கு ஹெக்ஸேன், ஒரு பங்கு நீர் உள்ள கண்ணாடிக் குப்பியில் உயிருள்ள எறும்புகளைப் போட்டால் அவை விஷத்தைக் கக்கிவிடும். ஆல்கலாய்டு மேலே ஹெக்ஸேனில் தங்கும், புரதம் கீழே நீரில் இறங்கும். நடுவில் கலங்கி நிற்கும் படலத்தைத் தொடாமல் அடிநீரை மட்டும் உறிஞ்சுங்கள். ஹெக்ஸேன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும். எறும்பு வாய்வழியாகக் கக்குவதும் இந்த நீரில் கலக்கக்கூடும் என்பது இதன் குறை.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது அறுவை. எறும்பைப் பனிக்கட்டியில் மயக்கி, உருப்பெருக்கியின் கீழ் ஒரு துளி குளிர்ந்த நீரில் வைத்து, ஒரு இடுக்கியால் நெஞ்சைப் பிடித்து, மற்றொன்றால் கொடுக்கின் நுனியைப் பற்றி மெதுவாக இழுங்கள். சுண்டி இழுத்தால் பை கிழிந்து எல்லாம் நீரில் போய்விடும். பொறுமையாக இழுத்தால் கொடுக்கோடு கண்ணாடி மணி போன்ற பை ஒன்று வரும். அதுதான் விஷப்பை. கொடுக்கின் அடியில் சின்னக் குழல் போல ஒட்டியிருப்பது டூஃபர் சுரப்பி. எறும்புச் சாரையின் தடம்போடும் வாசனை அதிலிருந்து வருவது, அதை வெட்டி எறியுங்கள். பையை வெளிப்புறம் கழுவி, 20 மைக்ரோலிட்டர் நீரும், புரதம் சிதையாமல் காக்கும் 1 மில்லிமோலார் பிஎம்எஸ்எஃப்பும் உள்ள குழாயில் போட்டு ஊசியால் குத்துங்கள். அரைக்கவே கூடாது, அரைத்தால் பைச்சுவரின் புரதமும் வந்துவிடும். நூறு பைகள் சேர்ந்ததும் 10,000 ஜியில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேல்நீரை இரண்டுமுறை ஹெக்ஸேனால் கழுவுங்கள்.

ஜெல் 10 சதவீதம் போதாது. இன்விக்டாவில் பெயரிடப்பட்ட ஒவ்வாமைப் புரதங்கள் நான்கு. சோல் ஐ 1 கொழுப்பைச் சிதைக்கும் ஒரு நொதி (ஃபாஸ்ஃபோலிப்பேஸ்), 37 கிலோடால்டன் அளவில் நிற்கும். சோல் ஐ 3 சுமார் 24 முதல் 26. சோல் ஐ 2, சோல் ஐ 4 இரண்டும் 13, 14 பக்கம். புரதத்தில் மூன்றில் இரண்டு பங்கு சோல் ஐ 2 மட்டுமே. உங்கள் 10 சதவீத ஜெல்லில் அவ்வளவு சின்னது சாயமுனையோடு ஓடி வெளியேறியிருக்கும். 15 சதவீதம் போடுங்கள், வெள்ளிச்சாயம் ஏற்றுங்கள்.

இன்னொன்று. சோல் ஐ 2 இரண்டு இரண்டாக டைசல்ஃபைடு பிணைப்பால் இணைந்திருப்பது. அந்தப் பிணைப்பை உடைக்கும் டிடிடி சேர்க்காமல் ஓட்டினால் 26 கிலோடால்டன் அருகே வந்து சோல் ஐ 3 மேலேயே உட்கார்ந்துகொள்ளும், இரண்டும் ஒரே பட்டையாகத் தெரியும். அதே மாதிரியை டிடிடியோடும் இல்லாமலும் ஓட்டுங்கள். 26இல் மெலிந்து 13இல் தடிக்கும் பட்டை எதுவோ, அதுதான் அது. ஜெமினேட்டாவிலும் இதற்கு இணையான சோல் ஜி 2 உண்டு. பட்டையை வெட்டி, புரதத்தைப் பெப்டைடுத் துண்டுகளாக்கும் டிரிப்சின் போட்டு, துண்டுகளின் நிறையை அளக்கும் நிறைநிறமாலைக்கு அனுப்பும்போது, 2011இல் வெளியான இன்விக்டா மரபணுத்தொகையின் புரதங்களோடும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஓர் அமினோ அமிலம் மாறினாலே பெப்டைடின் நிறை பொருந்தாது. அதனால் குறைந்தது இரண்டு தனித்த பெப்டைடுகள் பொருந்தாமல் பெயர் சூட்ட வேண்டாம். கெராட்டின் வந்தால் அது உங்கள் கைத்தோல்.

பக்கத்துப் பாதையில் கொடுக்கு நீக்கிய எறும்புகளின் சாற்றை அவசியம் ஏற்றுங்கள். இரண்டு பாதையிலும் ஒரே இடத்தில் நிற்கும் பட்டையை விஷக்கணக்கில் சேர்ப்பதற்கு முன் சந்தேகப்படுங்கள். உங்கள் பழைய சாறு வீணில்லை, இந்த இடத்தில் ஓரளவு உதவும்.

எறும்போ குளவியோ கொட்டி எப்போதாவது உடல் முழுக்கத் தடித்ததோ மூச்சுத் திணறியதோ உண்டென்றால் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். குளவிப் புரதங்களுக்கும் சோல் ஐ 1, 3க்கும் நெருங்கிய உறவு உண்டு. உலரவைத்த விஷத்தூள் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனத்தைப் பின்னால் சரிபார்க்க, அதே புற்றிலிருந்து பத்து எறும்புகளை 95 சதவீத எத்தனாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலில் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.