மாடியில் 43, மீனம்பாக்கத்தில் 37: புழுக்கத்தை எந்த எண்ணில் பிடிப்பது?

கேள்வி: சென்னை குரோம்பேட்டையில் இரண்டு மாடி வீடு. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் கருவி ஒன்றை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மே மாதத்தில் ஒருநாள் பிற்பகல் 2 மணிக்கு 43 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம், ‘உணரும் வெப்பம்’ 53 என்று காட்டியது. அதே நேரத்தில் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் 37தான். இரவு 11 மணிக்கு என் கருவியில் 29 டிகிரி, 85 சதவீதம். ஆனால் பகலைவிட அப்போதுதான் உடம்பு அதிகம் பிசுபிசுக்கிறது. எதை நம்புவது? கருவியை எப்படி மாட்டினால் சரியாகக் காட்டும்? தினமும் எந்த எண்ணைக் குறித்து வைக்கலாம்?

பதில்: பகல் வெப்பத்துக்கு மீனம்பாக்கத்தை நம்புங்கள். ஆனால் கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது பிற்பகலில் காட்டிய 43, 35 இரண்டுமே தவறு. அந்த இரண்டு தவறுகளையும் சேர்த்தால் சரியான எண் ஒன்று கிடைக்கிறது.

வெயில் படும் சுவரில் மாட்டிய கருவி காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தைத்தான் காட்டும். பெட்டியும் சுவரும் கொதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகிறது. அதில் உள்ள நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் அளவு அதிகம் என்பதால் ஈரப்பதச் சதவீதம் மட்டும் இறங்கிவிடுகிறது. வெப்பம் எவ்வளவு பொய்யாக ஏறுகிறதோ, அதற்கு ஏற்ற அளவு சதவீதம் பொய்யாக இறங்கும். ஆக, இரண்டையும் வைத்துக் கணக்கிடும் பனிநிலை கெடுவதில்லை. செயலிகளில் டியூ பாயிண்ட் என்று வருவது இதுதான்: காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலை.

கணக்கிட ஒரு சின்னப் பட்டியல் போதும். காற்று அதிகபட்சம் தாங்கும் நீராவியின் அழுத்தம், மில்லிபாரில்:

24 டிகிரி – 29.8
26 – 33.6
28 – 37.8
29 – 40.1
30 – 42.4
32 – 47.6
34 – 53.2
35 – 56.2
37 – 62.8
40 – 73.8
43 – 86.4

உங்கள் பிற்பகல் கணக்கு: 43 டிகிரிக்கு 86.4. அதில் 35 சதவீதம் 30.2. பட்டியலில் 30.2 எங்கே விழுகிறது? 24 டிகிரிக்குச் சற்று மேலே. அன்றைய பனிநிலை அதுதான். இப்போது மீனம்பாக்கத்தின் 37 டிகிரியை எடுத்து, 30.2-ஐ 62.8-ஆல் வகுத்தால் 48 சதவீதம் வரும். அன்று உங்கள் தெருவில் இருந்த காற்று கிட்டத்தட்ட 37 டிகிரி, 48 சதவீதம். இந்த இரண்டையும் ‘உணரும் வெப்பம்’ கணக்கிடும் வெப்பக் குறியீட்டுச் சூத்திரத்தில் போட்டால் 45 வருகிறது. கருவி காட்டிய 53 பெட்டிக்குள் இருந்த சூட்டுக்கு உரியது. அந்தச் சூத்திரமே நிழலில், லேசான காற்றில் நிற்பவருக்காக எழுதப்பட்டது. வெயிலில் காய்ந்த பெட்டியின் வெப்பத்தை அதில் போடுவது வெயிலை இரண்டு தரம் எண்ணுவது போல.

இனி இரவு. 29 டிகிரிக்கு 40.1, அதில் 85 சதவீதம் 34.1. பனிநிலை 26-க்கு மேல். இரவில் வெப்பம் 8 டிகிரி இறங்கியிருக்கிறது, காற்றில் உள்ள நீராவியோ கூடியிருக்கிறது. நீங்கள் உணர்ந்தது உண்மைதான் என்பதற்கு இதுவே சாட்சி.

வியர்வையால் நனைந்த தோல் ஏறக்குறைய 35 டிகிரியில் இருக்கும். அதன் மேற்பரப்பில் நீராவி அழுத்தம் 56 மில்லிபார். காற்றில் இருப்பது 30 என்றால் வியர்வையை ஆவியாக்கி இழுக்கும் வித்தியாசம் 26. இரவில் 34 ஆனதும் அது 22. 43 டிகிரியில் 15 சதவீத ஈரப்பதம் உள்ள வட இந்தியப் பிற்பகலில் காற்றில் 13 மில்லிபார்தான் இருக்கும், வித்தியாசம் 43. அங்கே தோல் வறண்டு எரியும், ஆனால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துபோகும். இங்கே காயாமல் வழிகிறது. வழிந்து ஓடும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, காயும் வியர்வைதான் குளிர்விக்கும். இரவில் அறைக்குள் காற்றோட்டமும் நின்றுவிட்டால் தோலை ஒட்டியிருக்கும் ஈரக் காற்று அங்கேயே தங்கிவிடும்.

அதனால் ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் தனியாகப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 35 டிகிரியில் 60 சதவீதமும் 29 டிகிரியில் 85 சதவீதமும் ஒரே அளவு நீராவிதான். நாளிதழ் வானிலைப் பெட்டியில் இதனால் ஒரு குழப்பம் வரும். வானிலைத் துறையின் ஈரப்பத அளவுகள் காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் எடுக்கப்படுபவை, அதிகபட்ச வெப்பம் பதிவாவது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியோ அதன் பிறகோ. காலை ஈரப்பதத்தையும் பிற்பகல் வெப்பத்தையும் ஜோடி சேர்த்து ‘40 டிகிரி, 75 சதவீதம்’ என்று பரப்புகிறவர்கள் உண்டு. 73.8-இல் 75 சதவீதம் 55.3, பனிநிலை 34-ஐத் தாண்டிவிடும். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பதிவான 35 டிகிரி பனிநிலைதான் உலக அளவில் பேசப்படும் உச்சம். சென்னைக்கு அது நடக்காத காரியம். மே மாத வங்கக் கடலின் மேற்பரப்பு சுமார் 30 டிகிரி. அதன் மேல் வரும் காற்றின் பனிநிலை அதற்குச் சில டிகிரி கீழேதான் நிற்கும். உங்கள் கணக்கில் பனிநிலை 30-ஐத் தாண்டினால் முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். அடுத்து, பக்கத்தில் யாராவது தரையில் தண்ணீர் தெளித்தார்களா, செடிக்கு ஊற்றினார்களா, துணி காய்கிறதா என்று பாருங்கள்.

கருவியை மாட்டும் விதம்

கைப்பிடிச் சுவரை விட்டுவிடுங்கள். மாடித் தளத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், தனிக் கம்பத்தில், நாலாபுறமும் காற்று வரும்படி நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டி, ஏசியின் வெளி யூனிட், தகரக் கூரை இவற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. வானிலை நிலையங்களில் தரைக்கு மேல் சுமார் 1.2 மீட்டரில் வெள்ளை அடித்த ஸ்டீவன்சன் பெட்டி இருக்கும். பக்கங்களில் இரட்டைச் சாய்வுப் பட்டிகள், கதவு வடக்குப் பார்த்து. வீட்டுக்கு அதன் சின்ன வடிவம் போதும்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு வாங்குங்கள், 18 முதல் 20 செ.மீ. அகலம். மேல் இரண்டையும் கடைசி ஒன்றையும் அப்படியே விட்டு, நடுவில் உள்ள ஐந்தின் மையத்தை சென்சார் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுங்கள். தட்டுகளைக் கவிழ்த்து, மரை போட்ட மூன்று கம்பிகளில் கோத்து, இடையிடையே ஒன்றரை செ.மீ. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போட்டு முடுக்குங்கள். தட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது வெளிச்சம் ஊடுருவினால் அது உதவாது, வெயிலும் ஊடுருவும். மேலே வெள்ளை எனாமல் இரண்டு பூச்சு அடித்தால் சரியாகிவிடும். பிளாஸ்டிக் ஓரிரு கோடைகளில் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும், அப்போது மாற்றிவிடுங்கள். குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கூடு காற்றை அடைத்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது கடைசித் தட்டில். மாடித் தளத்துக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் வெயில் கீழிருந்தும் எகிறி வரும். அடித்தட்டு திறந்திருந்தால் மேலே எத்தனை அடுக்கு வைத்தும் பயனில்லை. காற்றே இல்லாத பிற்பகல்களில் இந்தக் கூண்டும் ஓரிரு டிகிரி ஏறிக் காட்டும். அதற்கு 8 செ.மீ. கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்றை அடியில் பொருத்தலாம். அடித்தட்டின் நடுவில் விசிறியின் அளவுக்கு வெட்டி, அதற்குச் சற்றுக் கீழே மறைப்பாக இன்னொரு தட்டைத் தொங்கவிடுங்கள். விசிறி கூண்டுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். திசை மாற்றி வைத்தால் மோட்டாரின் சூடு சென்சார் மேல் அடிக்கும்.

கூண்டு தேறியதா என்று பார்க்க ஒரு சோதனை. உச்சி வெயிலில் ஒரு மீட்டர் தள்ளிக் குடையை வைத்து, காற்றை மறைக்காமல் நிழல் மட்டும் கூண்டின் மேல் விழச் செய்யுங்கள். 15 நிமிடத்தில் அரை டிகிரிக்குள் மாறினால் நன்று. 2 டிகிரி இறங்கினால் கூண்டு வெயிலை உள்ளே விடுகிறது. எல்லாம் சரியான பிறகும் மீனம்பாக்கத்தோடு ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கலாம். அதைத் திருத்த முயலாதீர்கள், இடம் வேறு.

ஈரப்பத சென்சாரைச் சரிபார்க்க உப்பு போதும். பாட்டில் மூடியில் இரண்டு சிட்டிகை தூள் உப்பு, அதில் ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு தண்ணீர். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. சென்சாரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஏசி, வெயில் படாத அறையில் இரவு முழுக்க விடுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். கருவி 80 காட்டினால், அந்த அளவை ஒட்டிய எண்களில் 5 கழித்துக் குறியுங்கள். மலிவான சென்சார்களில் 5 சதவீதப் பிழை சாதாரணம். 29 டிகிரியில் அது பனிநிலையை ஒரு டிகிரி தள்ளிவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை தொடங்கும் முன் ஒருமுறை இந்தச் சோதனை செய்தால் போதும்.

மின்னணுவை நம்பாதவர்களுக்கு ஈரக்குமிழ் முறை இன்னும் இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் கஞ்சி போக அலசிய மல் துணியை ஒற்றைச் சுற்று சுற்றி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் நனையுங்கள். நிழலில் சிறு மின்விசிறி முன் இரண்டையும் பிடித்து, நான்கைந்து நிமிடம் கழித்து நனைந்தது காட்டும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். போர்வெல் தண்ணீரில் நனைத்தால் துணியில் உப்பு படிந்து அளவு ஏறிவிடும். துணி பாதி காய்ந்தாலும் அப்படியே. உலர்ந்தது 34, நனைந்தது 28 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6-ஐ 0.67-ஆல் பெருக்கினால் 4. 28-க்கு உரிய 37.8-இல் 4 போனால் 33.8. பனிநிலை 26, ஈரப்பதம் 63 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த 0.67 கடல் மட்டத்து ஊர்களுக்கு, விசிறி ஓடும்போது மட்டும் பொருந்தும். கொடைக்கானலுக்குச் சரிவராது.

எதை, எப்போது குறிப்பது

காலை 8.30, மாலை 5.30, இரவு 10 மணி: வெப்பம், பனிநிலை, காற்றின் திசை. இவற்றோடு கடற்காற்று வந்து சேர்ந்த நேரம். கோடையில் சென்னையின் கதையே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஏப்ரலில் அது முற்பகலிலேயே வந்து வெப்பத்தை மேலே ஏறவிடாமல் பிடித்துவிடும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்து அதைக் கடலிலேயே நிறுத்திவைக்கும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் உச்ச அளவான 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. வழக்கமாக மே 28, 29 வாக்கில் முடியும் கத்திரி வெயில் போன பிறகு! கடற்காற்று உள்ளே நுழையும்போது கருவியில் வெப்பம் சடசடவென்று இறங்கும், பனிநிலை ஏறும், காற்று கிழக்கு அல்லது தென்கிழக்குக்குத் திரும்பும். இரண்டு எண்களும் எதிரெதிராக நகர்ந்தால் வந்தது கடற்காற்று. வெப்பம் மட்டும் இறங்கிப் பனிநிலை அசையாவிட்டால் மேகம் மறைத்திருக்கிறது, அவ்வளவே.

சென்னைவாசிகளுக்கு ஒரு தோராயமான அளவுகோல்: பனிநிலை 20-க்குக் கீழே இருந்தால் துணி சீக்கிரம் காயும், தொண்டை வறளும். 22, 23 பழகிய நிலை. 25-ஐத் தாண்டினால் விசிறிக்கு அடியிலிருந்து எழுந்து வரத் தோன்றாது. 27 என்றால் குளித்துவிட்டு வந்த ஈரமே காயாது.

நனைந்த வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் எண் வேறு ஒரு முடிவுக்கும் உதவும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்றை அந்த எண்ணுக்குக் கீழே குளிர்விக்க முடியாது. 43 டிகிரி, 15 சதவீதம் உள்ள ஊரில் ஈரக்குமிழ் 22-க்குப் பக்கத்தில் நிற்கும், கூலர் வரம். உங்கள் ஊரில் 28. 34 டிகிரிக் காற்றை 29, 30 ஆக்கித் தருவதற்குள் மூடிய அறையின் ஈரத்தை அது ஏற்றிவிடும். இரவுப் பிசுபிசுப்புக்கு அதை வாங்க நினைத்திருந்தால் வேண்டாம். ஏசி இருந்தால் ‘டிரை’ நிலையில் 27-இல் வைத்து, மேலே விசிறியைச் சுழல விடுங்கள்.